கம்பெனி சைஸா, மாற்றுச் சைஸா? மலையடிவாரத்து எஸ்யூவிக்கு டயர் தேர்ந்தெடுக்கும் கேள்வி

தேய்ந்துபோன டயரைக் கழற்றினால் அதே அளவில்தான் புதியதை மாட்ட வேண்டுமா? அல்லது கொஞ்சம் அகலமாக, கொஞ்சம் குறுகலாக, ஒரு அங்குலம் சிறிய ரிம்மில் போட்டுச் செலவைக் குறைக்கலாமா? எஸ்யூவி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் மூன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை இந்தக் கேள்வியோடு டயர் கடை வாசலில் நிற்கிறார்கள். ஐந்து டயருக்குப் பணம் எண்ணிக் கொடுக்கும் நேரத்தில் இதை வெறும் தொழில்நுட்ப விவாதம் என்று யாரும் ஒதுக்குவதில்லை.

ஒரு காலத்தில் இந்தக் கேள்விக்கே இடம் இருக்கவில்லை. 1940-களின் இறுதி முதல் இந்தியாவில் பூட்டப்பட்ட வில்லிஸ் ஜீப்புகளுக்குப் பொதுவாக 6.00-16 என்ற ஒரே அளவு. போர்க்களத்து ஜீப்பிலும் அதுதான், எஸ்டேட் ஜீப்பிலும் அதுதான். ரேடியல் டயரும் மில்லிமீட்டர் கணக்கும் பரவிய பிறகுதான் ஒரே வண்டிக்குப் பல அளவுகள் பொருந்தக்கூடும் என்ற எண்ணம் வலுப்பட்டது. 1998-இல் சஃபாரி, 2000-இல் பொலேரோ, 2002-இல் ஸ்கார்பியோ என எஸ்யூவிகள் பெருகப் பெருக, விடைகளும் பெருகின. அந்த விடைகள் எங்கிருந்து வந்தன, எவ்வளவு தூரம் நம்பத்தக்கவை என்பதை இக்கட்டுரை குமரி மாவட்டத்துப் பேச்சிப்பாறைப் பகுதியின் சாலைகளை மனத்தில் வைத்து ஆராய்கிறது.

பால் எடுக்கும் ஊரில் டயரின் விலை

கோதையாற்றின் குறுக்கே 1906-இல் கட்டி முடிக்கப்பட்டது பேச்சிப்பாறை அணை. அதைச் சுற்றிய மலைச்சரிவுகளில் ரப்பர் தோட்டங்கள். தமிழ்நாட்டு இயற்கை ரப்பரில் பெரும்பகுதி குமரி மாவட்டத்தில்தான் விளைகிறது. 1984-இல் தொடங்கப்பட்ட அரசு ரப்பர் கழகத்தின் தோட்டங்களும் இங்கேதான். விடியும் முன் மரத்தில் வெட்டு விழுகிறது. சிரட்டையில் பால் சொட்டுகிறது. அது உறைந்து, உருளையில் நசுங்கி, புகைக்கூடத்தில் காய்ந்து, தேன் நிற ஷீட்டாகிறது. சிரட்டையில் ஒட்டிக் காய்ந்ததும் வீணாவதில்லை, ஒட்டுப்பாலாக விலைபோகிறது.

ரப்பர் விளையும் ஊரில் டயர் மலிவாகக் கிடைக்க வேண்டாமா என்று கேட்கத் தோன்றும். கார் வகை டயரின் எடையில் இயற்கை ரப்பரின் பங்கு ஏறக்குறைய ஐந்தில் ஒன்று. மற்றவை செயற்கை ரப்பர், கரித்தூள், சிலிக்கா, எஃகுக் கம்பி, துணி, எண்ணெய். ஆகவே ஷீட் விலை இறங்கினாலும் கடையில் டயர் விலை அதே அளவில் இறங்குவதில்லை. அரசின் முடிவுகளும் விலையில் சேர்கின்றன. 2020 ஜூனில் டயர் இறக்குமதி கட்டுப்பாட்டுப் பட்டியலுக்குப் போனது. மலிவான வெளிநாட்டு டயர்கள் அதன்பின் எளிதில் கிடைக்கவில்லை. மறுபக்கம், 2025 செப்டம்பரில் டயர் மீதான ஜிஎஸ்டி 28 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடாகக் குறைந்தது.

விலையை நிர்ணயிக்கும் இன்னொன்று அளவு. பல வண்டிகளுக்குப் பொதுவான அளவில் எல்லா டயர் கம்பெனிகளும் போட்டி போடுகின்றன. ஓரிரு மாடல்களுக்கு மட்டும் பொருந்தும் அளவிலோ, 18 அங்குலத்துக்கு மேற்பட்ட ரிம்மிலோ போட்டி குறைவு, விலை கூடுதல். மாற்றுச் சைஸ் என்ற எண்ணம் பெரும்பாலும் இங்கிருந்துதான் பிறக்கிறது.

முதல் நிலைப்பாடு: கம்பெனி சைஸை விட்டு நகரக் கூடாது

வண்டி தயாரிப்பாளர்களும் காப்பீட்டுத் துறையினரும் சொல்வது இது. பிரேக், ஸ்டீயரிங், சஸ்பென்ஷன், கியர் விகிதம் எல்லாமே ஒரு குறிப்பிட்ட டயரை வைத்துச் சோதிக்கப்பட்டவை. ஓட்டுநர் பக்கத்துக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் சிட்டையில் அளவும் காற்றழுத்தமும் இருக்கும். அதன்படி நடந்தால் யோசிக்க வேண்டிய வேலை இல்லை.

இந்த எச்சரிக்கைக்கு ஒரு துயர வரலாறும் உண்டு. 2000 ஆகஸ்டில் அமெரிக்காவில் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றது. பெரும்பாலும் ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் எஸ்யூவியில் ஓடியவை. ட்ரெட் பிரிந்து வண்டி கவிழ்ந்து 200-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அளவு 235/75 ஆர்15, அதாவது கம்பெனியே பொருத்திய அளவு. ஃபோர்டு பரிந்துரைத்த காற்று 26 பவுண்டு, டயர் நிறுவனம் சொன்னது 30. குறை எதில் என்று இரு நிறுவனங்களும் ஒன்றையொன்று குற்றம் சாட்டின. சுமை, காற்று, வெப்பம் ஆகியவற்றில் போதிய பாதுகாப்பு இடைவெளி விடப்படாவிட்டால் சரியான அளவும் காப்பாற்றாது என்பதே அதில் கிடைத்த பாடம்.

இந்த நிலைப்பாட்டின் பலவீனம், கம்பெனிகளே ஒரே மாடலைப் பல அளவுகளில் விற்பதுதான். மகிந்திரா எக்ஸ்யூவி700 சில வகைகளில் 235/65 ஆர்17 டயரோடும், உயர்வகையில் 235/60 ஆர்18 டயரோடும் வந்தது. ஹூண்டாய் கிரெட்டா 205/65 ஆர்16, 215/60 ஆர்17 என இரண்டிலும் வருகிறது. ஆகவே கம்பெனி சைஸ் என்பது பல மாடல்களில் ஒற்றை எண் அல்ல, ஒரு சிறு பட்டியல். அந்தப் பட்டியலுக்குள் மாறுவதை மாற்றம் என்றே சொல்ல முடியுமா என்பது நியாயமான கேள்வி.

இரண்டாம் நிலைப்பாடு: விட்டம் மாறாவிட்டால் போதும்

1970-களில் தாழ்ந்த பக்கச்சுவர் டயர்கள் பரவியபோது இந்தக் கணக்கும் பரவியது. ரிம் பெரிதானால் பக்கச்சுவரைக் குறை, மொத்த விட்டம் அப்படியே இருக்கும். பக்கச்சுவரில் எழுதியிருப்பதை வைத்து யாரும் போட்டுப் பார்க்கலாம். 235/65 ஆர்17 என்றால் அகலம் 235 மில்லிமீட்டர், பக்கச்சுவர் உயரம் அதில் 65 விழுக்காடு, ரிம் 17 அங்குலம். பக்கச்சுவர் 152.75 மி.மீ., மேலும் கீழும் சேர்த்து 305.5. ரிம் 431.8. கூட்டினால் 737.3 மி.மீ.

இதே முறையில் 235/60 ஆர்18 போட்டால் 739.2 மி.மீ. வித்தியாசம் கால் விழுக்காடு. 235/70 ஆர்16 போட்டால் 735.4, அதுவும் கால் விழுக்காடுதான். ஆனால் கிரெட்டாவின் இரு அளவுகளுக்கிடையே 672.9, 689.8 என்று இரண்டரை விழுக்காடு வேறுபாடு இருக்கிறது. மூன்று விழுக்காட்டுக்குள் இருந்தால் சரி என்று கடைக்காரர்கள் சொல்லும் வழக்கத்துக்கு இது ஓரளவு ஆதரவு தருகிறது.

விட்டம் முக்கியம் என்பதில் ஐயமில்லை. வேகமானி சக்கரச் சுற்றை எண்ணித்தான் வேகம் காட்டுகிறது. விட்டம் கூடினால் வண்டி ஓடும் வேகம் மானி காட்டுவதைவிட அதிகமாகும். மானி உண்மை வேகத்தைவிடக் குறைவாகக் காட்டக் கூடாது என்பது ஐ.நா. ஐரோப்பியப் பொருளாதார ஆணையத்தின் 39-ஆம் விதிமுறை. நான்கு சக்கர இழுவை உள்ள வண்டியில் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் விட்டம் வேறுபட்டால் டிரான்ஸ்ஃபர் கேஸ் திணறும். ஸ்டெப்னியையும் இதே கணக்கில் சேர்க்க வேண்டும்.

ஆனால் விட்டம் சரியாக இருந்தாலே எல்லாம் சரி என்று முடிப்பது அவசரம். இந்தக் கணக்கில் மூன்று விஷயங்கள் விடுபடுகின்றன. முதலாவது சுமை எண். அளவுக்குப் பின் வரும் 104 எச் போன்ற குறியில் 104 என்றால் ஒரு டயர் 900 கிலோ தாங்கும், 102 என்றால் 850, 100 என்றால் 800, 98 என்றால் 750. எச் என்பது மணிக்கு 210 கி.மீ. வரை. இரண்டாவது ரிம்மின் அகலம். ஒவ்வொரு டயருக்கும் குறைந்தபட்ச, அதிகபட்ச ரிம் அகலம் உண்டு. குறுகிய ரிம்மில் அகல டயரைத் திணித்தால் நடுப்பகுதி மட்டும் தேயும், வளைவில் வண்டி அசையும். மூன்றாவது பிரேக் இடம். சிறிய ரிம் காலிப்பரில் இடிக்காமல் சுழல வேண்டும்.

மூன்றாம் நிலைப்பாடு: அகலமும் உயரமும் கூடட்டும்

அப்சைஸ் செய்பவர்களின் வாதம் இது. தோற்றத்துக்காக மட்டும் அல்ல. குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறை வழியாகக் கோதையாறு செல்லும் சாலையை விட்டு எஸ்டேட் தடங்களில் இறங்கினால் சரளைக் கல்லும் மழை அரித்த பள்ளமும் உண்டு. அடிப்பாகம் இடிக்காமல் இருக்க உயரம் தேவை என்பது இங்கு நியாயமான ஆசை.

எவ்வளவு உயரம் கிடைக்கிறது என்று பார்ப்போம். பொலேரோவின் 215/75 ஆர்15 டயருக்கு விட்டம் 703.5 மி.மீ. பலரும் விரும்பும் 235/75 ஆர்15 போட்டால் 733.5. விட்டம் 30 மி.மீ. கூடுகிறது, ஆனால் அச்சு உயர்வது அதில் பாதி, 15 மி.மீ. ஒரு விரல் அகலத்தை எட்டினாலே பெரிது. இதற்குக் கொடுக்கும் விலையோ 4.3 விழுக்காடு விட்ட மாற்றம். மானியில் 100 காட்டும்போது வண்டி 104-இல் ஓடும். முதல் கியரின் இழுவை சற்றுக் குறையும், ஏற்றத்தில் அது தெரியும். ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்துத் திரும்பும்போது டயரின் தோள் மட்கார்டில் உரசுகிறதா என்று ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு பார்க்க வேண்டும். காலி வண்டியில் உரசாதது ஆள் ஏறினால் உரசும்.

மைலேஜ் குறைந்துவிட்டது என்று அப்சைஸ் செய்தவர்கள் சொல்வதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஓடோமீட்டர் 1,000 கி.மீ. காட்டும்போது வண்டி உண்மையில் 1,043 கி.மீ. ஓடியிருக்கும். இதைத் திருத்தாமல் கணக்கிட்டால் எரிபொருள் செலவு இருப்பதைவிடக் கூடுதலாகத் தோன்றும். மறுபுறம், கனமான டயரைச் சுழற்ற உண்மையிலேயே கூடுதல் எரிபொருள் தேவைப்படும். இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் சொல்லும் அனுபவக் கூற்றுகளை அப்படியே ஏற்க இயலாது.

நான்காம் நிலைப்பாடு: ஒரு படி இறங்கினால் லாபம்

அப்சைஸுக்கு நேர் எதிரான விடை இது. 18 அங்குல ரிம்மிலிருந்து 17-க்கு இறங்கினால் டயர் பொதுவாக மலிவு, தேர்வு அதிகம், பக்கச்சுவர் உயரம் கூடுதல். உயர்ந்த பக்கச்சுவர் குழியில் விழும்போது அதிர்ச்சியைத் தான் வாங்கிக்கொள்கிறது. ரிம் வளைவதும் பக்கச்சுவர் புடைப்பதும் குறையும். மலைச்சாலை வண்டிக்கு இது பெரிய ஆதாயம். எக்ஸ்யூவி700 போலக் கம்பெனியே இரு ரிம் அளவிலும் விற்ற மாடலில் இந்த வாதம் மிக வலுவாக நிற்கிறது. ஆனால் புதிய ரிம்முக்கான செலவைச் சேர்த்தால் முதல் முறையிலேயே மிச்சம் வந்துவிடாது. இரண்டாம் முறை டயர் மாற்றும்போதுதான் லாபம் தெரியக்கூடும்.

ரிம்மை மாற்றாமல் டயரை மட்டும் குறுக்குவது வேறு விஷயம். 235/65 ஆர்17-க்குப் பதிலாக 225/65 ஆர்17 போட்டால் விட்டம் 724.3, குறைவு 1.8 விழுக்காடு. வேகமானி உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும், அது பாதுகாப்பான பக்கம். ஆனால் சுமை எண் வழக்கமாக 104-லிருந்து 102-ஆக இறங்குகிறது. டயருக்கு 50 கிலோ, நான்குக்குமாக 200 கிலோ தாங்கும் திறன் போகிறது. திற்பரப்பு அருவிக்குச் சுற்றுலா வரும் ஏழு பேரும் மூட்டைகளும் ஏறிய வண்டியில் அந்த 200 கிலோ வெறும் எண் அல்ல. எக்ஸ்எல் எனக் குறித்த வலுவூட்டிய டயர் கிடைத்தால் இழப்பை ஈடுகட்டலாம், ஆனால் அதற்குரிய கூடுதல் காற்று பிடிக்க வேண்டும், விலையும் கூடும்.

ஐந்தாம் நிலைப்பாடு: சைஸை விடு, டயரையே மலிவாக வாங்கு

ரீட்ரெட், பழைய டயர், பெயர் தெரியாத கம்பெனி ஆகியவை இந்த வழியில் வருகின்றன. ரீட்ரெடிங்குக்குத் தமிழ்நாட்டில் நீண்ட மரபு உண்டு. சென்னையில் 1946-இல் பலூன் செய்யத் தொடங்கிய எம்ஆர்எஃப், 1952-இல் ட்ரெட் ரப்பருக்கு மாறி, 1961-இல்தான் டயர் தயாரிப்புக்கு வந்தது. லாரி, பஸ் டயர்கள் தடித்த உடற்கூடு கொண்டவை என்பதால் ரீட்ரெடிங்கைத் தாங்குகின்றன. எஸ்யூவியின் மெல்லிய ரேடியல் உடற்கூட்டுக்கு அதே நம்பிக்கையைத் தருவது கடினம்.

பழைய டயர் வாங்குவோர் ட்ரெட் ஆழத்தைப் பார்க்கிறார்கள், வயதைப் பார்ப்பதில்லை. பக்கச்சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். ஓடாமல் கிடந்தாலும் ரப்பர் வெயிலிலும் காற்றிலும் இறுகும். தொட்டுப் பார்த்தால் கல் போலிருக்கும் டயர் ஈரச் சாலையில் பிடிக்காது.

மலிவு என்பதைக் கிலோமீட்டருக்கு எவ்வளவு என்று அளப்பதே நியாயம். எடுத்துக்காட்டாக, 8,000 ரூபாய் டயர் 40,000 கி.மீ. ஓடினால் கி.மீ.க்கு 20 பைசா. 10,000 ரூபாய் டயர் 55,000 ஓடினால் 18 பைசாவுக்குச் சற்று மேல். காற்று சரியாக வைப்பது, வீல் அலைன்மென்ட், 10,000 கி.மீ.க்கு ஒருமுறை டயர்களை இடம் மாற்றிப் போடுவது ஆகியவை சைஸ் மாற்றத்தைவிட அதிகம் மிச்சப்படுத்தக்கூடும்.

மழை என்னும் நடுவர்

தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே நனைக்கும் மாவட்டம் குமரி. ஆகவே இங்கு எந்த நிலைப்பாட்டையும் ஈரச் சாலையில் நிறுத்திப் பார்க்க வேண்டும்.

1960-களில் நாசாவின் வால்டர் ஹார்ன் குழு விமான டயர்களை ஆராய்ந்து ஒரு சூத்திரம் தந்தது. தண்ணீரின் மேல் டயர் மிதக்கத் தொடங்கும் வேகம் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. அதன்படி 35 பவுண்டில் சுமார் 98 கி.மீ., 28 பவுண்டில் சுமார் 88 கி.மீ. சூத்திரத்தில் அகலம் வரவே இல்லை. ட்ரெட் மழுங்கிய நிலைக்கும் தண்ணீர் ஆழமான நிலைக்கும்தான் அது நன்றாகப் பொருந்தும் என்பதும், பிந்தைய ஆய்வுகள் தரையில் படியும் தடத்தின் வடிவத்தையும் சேர்த்துக்கொண்டன என்பதும் நினைவில் இருக்க வேண்டும். ஒரே எடை, ஒரே காற்று என்றால் அகல டயரின் தடம் குட்டையாகவும் பரந்தும் இருக்கும், ஒரே நொடியில் அதிகத் தண்ணீரை விலக்க வேண்டியிருக்கும். குறுகிய டயர் தண்ணீரைக் கிழித்துச் செல்வது எளிது என்ற நம்பிக்கைக்கு இங்கே அடிப்படை உண்டு. ஆனால் ரப்பர் கலவையும் பள்ளங்களின் ஆழமும் அகலத்தைவிட அதிகம் தீர்மானிக்கலாம். சட்டப்படி ட்ரெட் ஆழம் 1.6 மி.மீ.க்குக் கீழே போகக் கூடாது. மழைக்கு அது மிகக் குறைந்த அளவு.

சட்டம் எங்கே நிற்கிறது

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளரின் மூல விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து சென்ற வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது. அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதத்துக்கு அதே ஆண்டின் திருத்தம் வழிவகுத்தது, சிறைத் தண்டனைக்கும் இடம் உண்டு. ஆனால் பதிவுப் படிவத்தில் டயர் அளவைக் குறிப்பிடும் பகுதி போக்குவரத்து வாகனங்களுக்கானது. சொந்த உபயோக எஸ்யூவியில் சிறு அளவு மாற்றம் 52-ஆம் பிரிவுக்குள் வருமா என்பது தெளிவான வரையறை இல்லாமல் நிற்கிறது. கம்பெனியின் பட்டியலிலுள்ள அளவுக்குள் நிற்பவருக்கு இந்த ஐயம் எழாது. வெளியே செல்பவர் விபத்துக்குப் பின் காப்பீட்டு நிறுவனத்திடம் பதில் சொல்ல வேண்டி வரலாம்.

மதிப்பீடு

ஐந்து விடைகளிலும் ஓரளவு உண்மை இருக்கிறது. கம்பெனி சைஸ் வாதம் எச்சரிக்கையில் வலுவானது, ஆனால் கம்பெனியின் முழுப் பட்டியலையும் பார்க்கத் தவறுகிறது. விட்டக் கணக்கு தேவை, அது மட்டும் போதாது. அப்சைஸ் தரும் உயரம் எதிர்பார்ப்பைவிடக் குறைவு. ஒரு படி இறங்குவது மலைப்பகுதிக்கு ஏற்றது, சுமை எண் குறையாத வரையில். பழைய டயரில் கிடைக்கும் மிச்சம் மழைநாளில் பிரேக்கை மிதிக்கும்போது போய்விடும்.

இந்தப் பகுதி வண்டிக்கு இப்போதைக்குச் சொல்லத்தக்கது: முதலில் அதே மாடலின் மற்ற வகைகளுக்குக் கம்பெனி தரும் அளவுகளைப் பார்க்கலாம். அவற்றில் சுமை எண்ணும் வேக எழுத்தும் குறையாததை, ரிம் அகலத்துக்குப் பொருந்துவதைத் தேர்ந்து, நான்கையும் ஸ்டெப்னியையும் ஒரே அளவில் வைப்பது நல்லது. மிச்சமாகும் பணத்தை அகலத்தில் போடாமல் ஈரப்பிடிப்பு நன்றாயுள்ள டயரில் போடுவது இந்த மழைக்குப் பொருத்தம்.

திறந்தே நிற்பவையும் உண்டு. உருளும் எதிர்ப்பு, ஈரப்பிடிப்பு, ஒலி ஆகியவற்றுக்கு 2022-இல் மத்திய அரசு வரையறை கொண்டுவந்தது. ஆயினும் ஒரே மாடல் டயர் 17 அங்குலத்திலும் 18 அங்குலத்திலும் ஈரச் சாலையில் எத்தனை மீட்டரில் நிற்கிறது என்ற ஒப்பீடு வாங்குபவர் கைக்கு எளிதில் வருவதில்லை. கனமான மின்சார எஸ்யூவிகள் வரும்போது சுமை எண்ணின் கணக்கு இன்னும் இறுகும். தனியார் வண்டியின் டயர் அளவு பற்றிய சட்ட வரையறையும் தெளிய வேண்டும். அவை தெளியும் வரை இந்தக் கேள்விக்கு முழு விடை இல்லை. பக்கச்சுவரில் எழுதியிருப்பதை வாசித்துவிட்டு விலை கேட்பது மட்டும் இன்றே தொடங்கக்கூடியது.